கொழும்பு இந்துக்களின் மணமுறிவும் தாபரிப்பும்: இரண்டு நீதிமன்றங்களுக்கு இடையில் விழுந்த உரிமை

1. கேள்வி

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு குடும்பத்தில் மணமுறிவுப் பேச்சு எழுந்தால், இந்துச் சட்டம் இதற்கு என்ன சொல்கிறது என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். சென்னைத் தொலைக்காட்சித் தொடர்களும் இந்தியச் செய்திகளும் நம் வீடுகளுக்குள் கொண்டுவந்த கேள்வி அது. இருவரும் ஒப்பி மனுப் போட்டால் சில மாதங்களில் விலகிவிடலாம், ஜீவனாம்சத்தை நீதிபதி அதே மேசையில் தீர்த்துவிடுவார் என்று நம்பிக்கொண்டு சட்டத்தரணியிடம் வருகிறவர்கள் உண்டு. இலங்கையில் அப்படியொரு சட்டம் கிடையாது. கண்டியச் சிங்களவருக்கு 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க விவாக, விவாகரத்துச் சட்டம் இருக்கிறது. முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமும் காதி நீதிமன்றங்களும் இருக்கின்றன. இந்துக்களின் மணத்தையும் மணமுறிவையும் ஆளுகின்ற தனிச்சட்டம் எதுவும் இந்நாட்டில் இல்லை.

அப்படியானால் அவர்களை ஆளும் சட்டம் எது, அந்தச் சட்டத்தில் தாபரிப்பு எங்கே நிற்கிறது, பிரிவின்போது இழப்பவர் யார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனி இந்துச் சட்டம் இல்லாமையால் விளைந்த தீமை சிறிது. ஒருவருடைய குற்றத்தை நிரூபித்தால்தான் திருமணம் கலையும் என்ற விதியும், தாபரிப்பை இரண்டு நீதிமன்றங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கும் ஏற்பாடும் ஒன்றுசேர்ந்து விளைவிக்கும் தீமை பெரிது. இவை இரண்டும் சேர்கிற இடத்தில்தான் ஒரு பெண் விடுதலைக்கு விலையாகத் தன் தாபரிப்பைக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறாள்.

2. தாலி, எழுத்து, பொதுச் சட்டம்

கொழும்பு இந்துவின் திருமணத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று கோவிலிலோ மண்டபத்திலோ குருக்கள் முன்னிலையில் நடக்கும் சடங்கு. மற்றது யாழ்ப்பாணத்தார் 'எழுத்து' என்று சொல்லும் பதிவு. இரண்டாவதை ஆள்வது 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். முஸ்லிம் திருமணங்களும் கண்டியச் சட்டப்படி நடக்கும் திருமணங்களும் நீங்கலாக, நாட்டின் ஏனைய திருமணங்கள் எல்லாம் இதற்குள் வருகின்றன. ஆகவே கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோவிலடியில் வாழும் சைவருக்கும், அந்தோனியார் கோவிலடியில் வாழும் கத்தோலிக்கருக்கும், நீர்கொழும்பில் வாழும் கரையோரச் சிங்களவருக்கும் மணமுறிவுச் சட்டம் ஒன்றே.

பதிவு இல்லாவிட்டால் திருமணமே இல்லை என்பது பரவலாக நிலவும் பிழையான எண்ணம். பதிவு திருமணத்துக்குச் சிறந்த சான்று. ஆனால் அது மட்டுமே சான்று அல்ல. தாலி கட்டுதல், கூறை கொடுத்தல் முதலிய வழக்காற்றுச் சடங்குகளால் நடந்த திருமணங்களை இலங்கை நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்று வந்திருக்கின்றன. கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்தவர்களைச் சட்டப்படி மணந்தவர்களாக அனுமானிக்கும் ரோமன் டச்சுச் சட்ட விதியும் துணைக்கு உண்டு. போரில் இடம்பெயர்ந்து, விவாக அத்தாட்சிப் பத்திரத்தைத் தொலைத்துவிட்டுக் கொழும்பில் தாபரிப்புக் கேட்டு நிற்கும் பெண்ணுக்கு இது சிறிய சலுகை அல்ல. திருமணப் படத்தையும், சடங்கைக் கண்ட இரண்டு உறவினரையும் கொண்டு அவள் தன் வழக்கைத் தொடங்கலாம். எதிர்த்தரப்பு மறுத்தால் குறுக்கு விசாரணையில் தாலி ஏறிய நேரமும் கூறையின் நிறமும் வரை கேட்கப்படும் என்பதை மட்டும் அவள் அறிந்திருக்க வேண்டும்.

இத்துறையில் ஆய்வுகள் குறைவில்லை. எச். டபிள்யூ. தம்பையா யாழ்ப்பாணத் தமிழரின் சட்டங்களையும் வழக்கங்களையும் தொகுத்து ஆராய்ந்தார். தம்பையா நடராஜா இலங்கைச் சட்டமுறையின் வரலாற்றுப் பின்னணியை விரிவாக எழுதினார். சிராணி பொன்னம்பலம் திருமண உறவு பற்றிய சட்டத்தை முழுநூலாகவே தந்தார். இவற்றில் தமிழரின் சொத்துரிமை பற்றியும் மணமுறிவுக் காரணங்கள் பற்றியும் தெளிவு கிடைக்கிறது. ஆனால் நம் பொதுவெளி விவாதங்களில் மணமுறிவு ஒரு தலைப்பாகவும் தாபரிப்பு வேறொரு தலைப்பாகவும் நிற்கின்றன. வழக்குக்கு வரும் மனிதருக்கு அவை இரண்டும் ஒரே நாளின் கவலைகள்.

3. மூன்று காரணங்களும் ஏழு ஆண்டுகளும்

1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு மூன்று காரணங்களை மட்டுமே சொல்கிறது: திருமணத்துக்குப் பின் புரிந்த பிறர்மனைத் தொடர்பு, கெடுநோக்குடன் கைவிட்டுச் செல்லுதல், திருமண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மையின்மை அல்லது உடலுறவுக்கு இயலாமை. கொடுமை தனிக் காரணமாக இல்லை. அடித்துத் துன்புறுத்தப்பட்டு வீட்டைவிட்டு வெளியேறிய மனைவி, வெளியேறியது தானாக இருந்தாலும் உண்மையில் கைவிட்டவன் கணவனே என்று வாதிட்டு, தன் துன்பத்தை இரண்டாவது காரணத்துக்குள் திணித்தாக வேண்டும். மனம் ஒவ்வாமையும் பரஸ்பர சம்மதமும் இந்தப் பட்டியலில் இல்லை. இதே நாட்டில் கண்டியச் சட்டத்தின்கீழ் மணந்தவர்கள் இருவரும் ஒப்பிப் பிரியலாம். ஓராண்டு பிரிந்து வாழ்ந்ததைக் காட்டி, இனிச் சேர்ந்து வாழ முடியாது என்றும் கேட்கலாம்.

1977ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது ஒரு கதவு திறந்தது போலத் தோன்றியது. கோவையின் 608(2)ஆம் பிரிவின்படி, நீதிமன்றப் பிரிவினைத் தீர்ப்பாணை பெற்று இரண்டு ஆண்டுகள் கழிந்தவரும், அத்தகைய தீர்ப்பாணை இல்லாமலே ஏழு ஆண்டுகள் படுக்கையாலும் பந்தியாலும் பிரிந்து வாழ்ந்தவரும், சுருக்கமான நடைமுறையில் மணநீக்கம் கோரலாம். ஏழு ஆண்டுப் பிரிவுக்குக் குற்றம் தேவையில்லை என்றுதான் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1984இல் வெளிவந்த முத்துராணி எதிர் துரைசிங்கம் தீர்ப்பில் வாசித்தது. ஈராண்டுக்குள் உயர் நீதிமன்றம் அந்த வாசிப்பை ஏற்க மறுத்தது. தென்னக்கோன் எதிர் சோமாவதி பெரேரா (1986) வழக்கில், 608ஆம் பிரிவு நடைமுறையை மட்டுமே வகுக்கிறது, 19ஆம் பிரிவின் காரணங்கள் அப்படியே நிற்கின்றன, ஏழு ஆண்டுப் பிரிவுக்குப் பின்னாலும் ஒரு குற்றம் இருக்கவேண்டும் என்று அது முடிவுசெய்தது.

சட்டவாக்கத்தின் கட்டமைப்பை மட்டும் பார்த்தால் உயர் நீதிமன்றத்தின் தர்க்கத்தில் பிழை காண்பது எளிதல்ல. ஒரு கட்டளைச் சட்டம் 'இவை தவிர வேறெதனாலும் இல்லை' என்று சொல்லியிருக்க, நடைமுறைக் கோவை அதைச் சொல்லாமல் கொள்ளாமல் மாற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்வது கடினம். ஆனால் குற்றம் எப்படியும் நிரூபிக்கப்பட வேண்டுமென்றால் ஏழு ஆண்டுகள் என்ற எண் எதற்காக எழுதப்பட்டது? கைவிடலை நிரூபிக்க ஒருவருக்கு ஏழு ஆண்டுகள் தேவையே இல்லை. 1984ஆம் ஆண்டுத் தீர்ப்பே சட்டவாக்கத்தின் நோக்கத்துக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. அது நிலைத்திருந்தால் அடுத்துவந்த போர்க்காலத்தில் கணவன் ஐரோப்பாவிலும் மனைவி வெள்ளவத்தையிலுமாகப் பத்து, பதினைந்து ஆண்டுகள் பிரிந்திருந்த எத்தனையோ பேர் பொய் சொல்லாமல் விலகியிருக்கலாம்.

இந்தக் குற்றக் கோட்பாடு ஒல்லாந்தர் நமக்கு விட்டுச்சென்றது. நெதர்லாந்து 1971இல் அதைக் கைவிட்டு, மீளமுடியாத முறிவு என்ற ஒரே காரணத்துக்கு மாறியது. அதே ரோமன் டச்சு மரபில் வந்த தென்னாப்பிரிக்கா 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மாறியது. இங்கேயும் 1959இல் வெளிவந்த விவாக, விவாகரத்து ஆணைக்குழுவின் அறிக்கை திருமண முறிவை அடிப்படையாகக் கொள்ளும்படி பரிந்துரைத்தது. அது நூலக அடுக்கில் இருக்கிறது.

4. புதுக்கடையில் ஓர் எதிர்ப்பில்லாத வழக்கு

புதுக்கடையில் உள்ள கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் எதிர்ப்பில்லாத மணமுறிவு வழக்கு எப்படி நடக்கிறது என்பதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். வழக்காளி சாட்சிக் கூண்டில் ஏறுகிறார். விவாக அத்தாட்சிப் பத்திரம் 'பி1' என்று அடையாளமிடப்படுகிறது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் அடுத்த எண்களைப் பெறுகின்றன. எங்கே வாழ்ந்தீர்கள், எப்போது பிரிந்தீர்கள் என்று சட்டத்தரணி கேட்கிறார். எதிராளி இன்ன திகதியில், சேர்ந்து வாழும் எண்ணத்தை முற்றாகக் கைவிட்டு, நியாயமான காரணமின்றி வெளியேறினார் என்று வழக்காளி சொல்கிறார். எதிராளி மறுமொழி தாக்கல் செய்யவில்லை, அல்லது செய்த மறுமொழியை மீளப் பெற்றுவிட்டார். கால் மணி நேரத்தில் சாட்சியம் முடிகிறது. முதலில் தற்காலிகத் தீர்ப்பாணை வருகிறது. மூன்று மாதங்களுக்குக் குறையாத இடைவெளியின் பின் அது முற்றானதாகிறது.

சட்டக்கோவையின்படி இருதரப்பும் கூடிப்பேசி நடத்தும் வழக்கை நீதிமன்றம் தள்ளுபடி செய்யவேண்டும். ஆயினும் இருதரப்பும் கூடிப் பேசாமல் இத்தகைய வழக்கு இவ்வளவு விரைவாக முடியாது என்பது அங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரியும். பேச்சு நீதிமன்றத்துக்கு வெளியே, சட்டத்தரணிகளின் அறைகளிலும் உறவினர் வீடுகளிலும் நடக்கிறது. முதற் கேள்வி, கைவிட்டவர் என்ற பெயரை யார் ஏற்பது என்பது. இரண்டாவது, ஏற்பவருக்கு என்ன கிடைக்கும், மற்றவர் எதை விட்டுக்கொடுப்பார் என்பது.

இங்கேதான் தாபரிப்பு பேரத்துக்குள் நுழைகிறது. கணவன் சொல்வது இதுதான்: "நான் எதிர்க்கமாட்டேன், என்மேல் குற்றம் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் நிரந்தரத் தாபரிப்புக் கேட்கக்கூடாது." அல்லது எதிர்த்திசையில்: "நான் வழக்காளியாக வருகிறேன், நீ மறுமொழி போடாதே, மகளின் படிப்புச் செலவைப் பார்க்கிறேன்." இரண்டாவது ஏற்பாட்டில் மனைவி கைவிட்டவள் என்று தீர்ப்பாணையில் எழுதப்படுகிறாள். அப்படி எழுதப்பட்ட பெண் பின்னர் தாபரிப்புக்கு வாய் திறப்பது மிகக் கடினம். எதிர்த்து வழக்காடினால் ஐந்து ஆண்டுகள் ஆகலாம், பத்தும் ஆகலாம். மறுமணம் செய்ய விரும்புகிறவருக்கு அல்லது வெளிநாட்டு விசாவுக்குத் தீர்ப்பாணை தேவைப்படுகிறவருக்கு அந்தக் காலம் தாங்காது. அவசரம் யாருக்கோ அவரே விட்டுக்கொடுக்கிறார். சம்பாதிக்கிறவரைவிடச் சம்பாதிக்காதவரே அடிக்கடி அவசரத்தில் இருக்கிறார் என்பதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. வாடகை நாள் மாதம் தவறாமல் வருகிறது.

5. நீதவானிடம் ஒரு தாபரிப்பு, மாவட்ட நீதிபதியிடம் இன்னொன்று

திருமணம் நிலைத்திருக்கும் காலத்தில் தாபரிப்புக் கேட்கும் இடம் நீதவான் நீதிமன்றம். 1889ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் பல வகையில் முன்னேற்றமானது. பழைய சட்டத்தில் கணவனுக்கு மட்டும் இருந்த கடமை புதியதில் இருபாலாருக்கும் பொதுவானது: போதிய வசதியுள்ள ஒருவர், தன்னைத் தானே பராமரிக்க முடியாத வாழ்க்கைத் துணையைப் புறக்கணித்தால் மாதந்தோறும் பணம் கட்டுமாறு நீதவான் கட்டளையிடலாம். பதினெட்டு வயது கடந்து இருபத்தைந்துக்கு உட்பட்ட பிள்ளையும், அங்கவீனமுற்ற பிள்ளையும் பெற்றோரிடம் கேட்கலாம். பணம் கட்டத் தவறினால் சம்பளத்திலிருந்து பிடிக்கலாம், சிறைக்கும் அனுப்பலாம். நடைமுறை எளியது, சட்ட உதவி ஆணைக்குழுவின் துணையோடு தாமே சென்று பெற்றுக்கொண்ட பெண்கள் நிறைய உண்டு.

ஆனால் இந்தச் சட்டத்தில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. முதலாவது ஒரு காப்புவாசகம். துணைவர் பிறரோடு தகாத உறவில் வாழ்ந்தாலோ, இருவரும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தாலோ தாபரிப்புக் கிடையாது. இரண்டாவது நிபந்தனையின் ஆபத்தை நம் குடும்பங்கள் உணர்வதில்லை. சண்டை முற்றியதும் பெரியவர்கள் கூடிப் பேசுகிறார்கள், அல்லது பொலிஸ் நிலையத்தில் இருவரையும் இருத்திச் சமாதானம் பேசுகிறார்கள். இறுதியில் 'இருவரும் விருப்பத்துடன் தனித்தனியாக வாழச் சம்மதிக்கிறோம்' என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அப்போதைக்கு அது நிம்மதி தருகிறது. ஆறு மாதம் கழித்து நீதவான் முன்னிலையில் எதிர்த்தரப்பின் சட்டத்தரணி முதலில் எடுத்து நீட்டுவது அந்தக் கடிதத்தைத்தான். உயிருக்குப் பயந்து பிரிந்த பெண், சம்மதத்தோடு பிரிந்தவளாக ஏட்டில் நிற்கிறாள். அடி உதைக்குப் பயந்து வெளியேறியவர்களுக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்புக் கட்டளை வழி இருக்கிறது. அந்த வழியில் போனால் சம்மதக் கடிதத்துக்கு இடமே வராது.

இரண்டாவது பள்ளம் இன்னும் ஆழமானது. இச்சட்டம் பேசுவது வாழ்க்கைத் துணையைப் பற்றி. மணமுறிவுத் தீர்ப்பாணை முற்றானதும் துணை என்ற நிலை அற்றுப்போகிறது. நீதவானின் கதவு அவளுக்கு மூடுகிறது. பிள்ளைகளுக்குத் தாபரிப்புத் தொடரும், தாய்க்கு இல்லை. அவளுக்கு மிஞ்சுவது மாவட்ட நீதிமன்றத்தின் நிரந்தரத் தாபரிப்பு மட்டுமே. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 615ஆம் பிரிவு, தீர்ப்பாணை வழங்கும்போது இரு துணைவரில் எவரின் நலனுக்காகவும் பிள்ளைகளின் நலனுக்காகவும், சொத்தை எழுதிக்கொடுக்கவோ, ஒரே தொகையாகப் பணம் கொடுக்கவோ, மாதாமாதம் அல்லது ஆண்டுதோறும் செலுத்தவோ, அதற்கு ஈடு வைக்கவோ கட்டளையிட நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. ஏட்டில் இது தாராளமான பிரிவு. குற்றமற்றவருக்கு மட்டுமே என்று அது சொல்லவில்லை. ஆனால் வழக்கு முழுவதும் குற்றத்தை மையமாக வைத்தே நடப்பதால், அந்த நிழல் தாபரிப்பின்மேலும் விழுகிறது.

காலமும் குறுகியது. பிரிவின் சொற்கள் தீர்ப்பாணை வழங்கும் வேளையைக் குறிக்கின்றன. அன்று பிறந்த கட்டளையைப் பின்னர் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தி வைக்கலாம். அன்று பிறக்காத கட்டளையைப் பின்னாளில் பெறுவது மிகக் கடினம். ஆகவே எதிர்ப்பில்லாத வழக்கில் மறுமொழி போடாமலிருக்கச் சம்மதித்த மனைவி ஒரே கையெழுத்தில் இரண்டையும் இழக்கிறாள்: திருமணத்தோடு நீதவானிடம் இருந்த உரிமை போகிறது, கேட்காததால் மாவட்ட நீதிமன்றத்தின் உரிமையும் போகிறது. ஏற்கெனவே நீதவானிடம் மாதத் தாபரிப்புப் பெற்றுக்கொண்டிருந்தவளுக்கு இது இன்னும் கொடுமை. மணமுறிவு வழக்கை அவளுடைய கணவன் தொடுப்பதற்கான காரணமே சில வேளைகளில் அந்த மாதக் கட்டளையிலிருந்து தப்புவதுதான்.

6. வருமானம் எங்கே இருக்கிறது

அரசாங்க ஊழியரிடமிருந்து தாபரிப்பை அறவிடுவது எளிது. சம்பளத் தாள் ஒன்று போதும். கொட்டாஞ்சேனை, செட்டியார் தெரு, புறக்கோட்டைப் பக்கத்து வருமானம் அப்படிப்பட்டதல்ல. நகைக் கடையில் பங்கு, மொத்த வியாபாரத்தில் கைமாற்று, சகோதரன் பெயரில் உரிமம், மாமனார் பெயரில் வண்டி. ஆடம்பரமாக வாழும் ஒருவர் நீதிமன்றத்தில் மட்டும் கடைச் சிப்பந்தியாக நிற்பார். வாதத்தை ஆதாரமாக்கும் பொறுப்பு மனைவியின் தலையில் விழுகிறது. பிள்ளையின் பாடசாலைக் கட்டணச் சிட்டை, கடைசி விடுமுறைப் பயணத்தின் படங்கள், மின்சார பில் ஆகியவற்றைக் கொண்டு அவள் ஒரு வாழ்க்கைத் தரத்தைக் கட்டிக் காட்ட வேண்டும்.

இந்திய உச்ச நீதிமன்றம் 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், தாபரிப்பு வழக்கில் இருதரப்பும் சொத்து, கடன் விபரங்களைச் சத்தியக்கடதாசியாக முன்வைக்க வேண்டும் என்று வகுத்தது. இலங்கை நீதிமன்றங்கள் அதற்குக் கட்டுப்பட்டவை அல்ல. ஆனால் இப்படியொரு கட்டாய வெளிப்படுத்தலை விதியாக்குவதற்குப் புதிய தத்துவம் எதுவும் வேண்டியதில்லை.

வெளிநாட்டில் இருப்பவரிடம் அறவிடுவது வேறொரு சிக்கல். 1956ஆம் ஆண்டின் நியூயோர்க் தாபரிப்பு அறவீட்டு உடன்படிக்கையில் இலங்கை ஆரம்பகாலத்திலேயே சேர்ந்தது. பிரித்தானியா, பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நோர்வே ஆகியனவும் அதில் இருக்கின்றன. நம்மவர் மிக அதிகமாக வாழும் கனடா அதில் இல்லை. ஸ்கார்பரோவில் இருக்கும் கணவனிடமிருந்து வெள்ளவத்தையிலிருக்கும் மனைவி தாபரிப்புப் பெறுவது பெரும்பாலும் அவனது மனச்சாட்சியையும் அங்குள்ள உறவினரின் வற்புறுத்தலையும் பொறுத்தே இருக்கிறது.

7. வெள்ளவத்தைத் தொடர்மாடியும் தேசவழமையும்

தாபரிப்புக் கிடைக்காவிட்டால் சொத்தாவது மிஞ்சாதா என்ற கேள்வி நியாயமானது. இங்கே கொழும்புத் தமிழ்ப் பெண்கள் இரு பிரிவாகிறார்கள். காலி வீதியிலிருந்து கடற்கரை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் தொடர்மாடி வீடு வாங்கும் தமிழ்ப் பெண்ணிடம் நொத்தாரிசு கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்று அவர் யாழ்ப்பாணமா என்பது. அடுத்தது கணவர் யாழ்ப்பாணமா என்பது. காரணம் தேசவழமை. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் பிரித்தானியர் உறுதிசெய்த இந்த வழக்காற்றுச் சட்டம், இன்று முக்கியமாகச் சொத்தைப் பற்றியது. மணமுறிவை அது ஆள்வதில்லை. யாழ்ப்பாண வாசியான தமிழருக்கு அது பொருந்தும். தமிழராகப் பிறந்ததால் மட்டும் பொருந்தாது என்று 1913ஆம் ஆண்டின் ஸ்பென்சர் எதிர் இராஜரத்தினம் தீர்ப்பு நிலைநாட்டியது. ஆனால் தொழிலுக்காகக் கொழும்பில் குடியிருந்தாலே யாழ்ப்பாண வாசி என்ற நிலை அழிந்துவிடாது என்பதும் பின்னாளில் ஏற்கப்பட்டது. ஒருவர் எந்தக் கட்டத்தில் யாழ்ப்பாண வாசி அல்லாதவர் ஆகிறார் என்பது ஒவ்வொரு வழக்கிலும் சாட்சியத்தைப் பொறுத்த விடயம்.

1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின் வாசகப்படி, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்த அசையாச் சொத்தைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இன்றி உயிருடன் இருக்கும்போது கைமாற்ற முடியாது. சம்மதம் தர மறுத்தால் அல்லது அவளைக் கைவிட்டால், அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கலாம் என்று 8ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே விட்டுப்போன கணவனிடமிருந்து தாபரிப்பு வராத நிலையில், தன் வீட்டை விற்றுப் பிழைக்க நினைக்கும் பெண், அதே கணவனின் கையெழுத்துக்காகவோ அதற்கென்று இன்னொரு வழக்குக்காகவோ காத்திருக்க வேண்டும். அவர் டொரொண்டோவிலிருந்து அற்றோணித் தத்துவம் அனுப்புவார் என்று எதிர்பார்ப்பது பெரும்பாலும் வீண்.

கொட்டாஞ்சேனையில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழ்ப் பெண்ணுக்கு இந்தத் தடை இல்லை. 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க மணமான பெண்களின் சொத்துக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அவள் தன் சொத்தின் முழு உரிமையாளர். அதே பெண் தேசவழமைக்கு உட்பட்ட ஓர் ஆணை மணந்தால், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி அத்திருமணம் நிலைக்கும் வரை அவளும் தேசவழமைக்குள் வந்துவிடுகிறாள். மாறாக ஒரு யாழ்ப்பாணப் பெண் உட்படாத ஆணை மணந்தால் அதிலிருந்து வெளியேறுகிறாள். கணவனின் ஊரைக் கொண்டு மனைவியின் கைகளைக் கட்டும் இந்த விதியை அரசியலமைப்பின் சமத்துவ உறுப்புரையால் தொடவும் முடியாது. முன்பிருந்த எழுதப்பட்ட, எழுதப்படாத சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்று 16(1)ஆம் உறுப்புரை சொல்லிவிட்டது.

தேடிய தேட்டமும் கைகொடுப்பதில்லை. திருமண காலத்தில் தேடிய சொத்தில் பாதி மனைவிக்கு என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். 1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பின் நீதிமன்றங்கள் அதை வாசித்த முறையில், தேடிய துணைவர் இறக்கும்போதுதான் மற்றவருக்குப் பாதி உரித்தாகிறது. இருவரும் உயிரோடு இருக்கையில் மணம் முறிந்தால் அந்தப் பாதியைக் கேட்டு வாங்கும் தானியங்கி உரிமை இல்லை.

8. இந்தியாவின் பக்கம் திரும்பலாமா

இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தை இங்கே கொண்டுவந்தால் சிக்கல் தீருமா என்று கேட்பவர்கள் உண்டு. 1976இல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவு பரஸ்பர சம்மத மணமுறிவைத் தந்தது என்பது உண்மை. ஆனால் அந்தச் சட்டத்தின் பலம் இந்து என்ற அடையாளத்தில் இல்லை. மூன்று சிறிய ஏற்பாடுகளில் இருக்கிறது. ஒன்று, சம்மதமும் காரணமாகலாம் என்பது. இரண்டு, 25ஆம் பிரிவில் நிரந்தரத் தாபரிப்பைத் தீர்ப்பாணையின்போதோ அதன் பின்னர் எப்போதாவதோ கேட்கலாம் என்பது. மூன்றாவது அந்தச் சட்டத்துக்கே வெளியே இருக்கிறது: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக நடைமுறையிலிருக்கும் புதிய கோவையின் 144ஆம் பிரிவும் மறுமணம் செய்யாத விவாகரத்துப் பெற்ற பெண்ணையும் மனைவி என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கின்றன. பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்வதால் தாபரிப்பு மறுக்கும் காப்புவாசகம் இந்தியச் சட்டத்திலும் உண்டு. பரஸ்பர சம்மதத்தால் விவாகரத்தே பெற்றுவிட்டவளை அது தடுக்காது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் தெளிவுபடுத்தியது.

இவற்றில் எதற்கும் மதம் தேவையில்லை. தனியான இந்து விவாகச் சட்டம் ஒன்றைக் கேட்பது, கொச்சிக்கடையில் அடுத்தடுத்த வீடுகளில் ஒரே இடர்ப்பாட்டோடு வாழும் சைவப் பெண்ணையும் கத்தோலிக்கப் பெண்ணையும் இரண்டு வரிசைகளில் நிறுத்துவதாகும். தனியாள் சட்டங்கள் ஒருமுறை எழுதப்பட்டால் அவற்றை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதை முஸ்லிம் பெண்கள் தங்கள் சட்டத்தின் சீர்திருத்தத்துக்காகப் பல பத்தாண்டுகளாகப் போராடிவருவதில் காண்கிறோம். 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணச் சட்டத்தின் 6ஆம் பிரிவும் அதே பாடத்தைத்தான் சொல்கிறது. மாற்றவேண்டியது பொதுச் சட்டம்.

எதிர்வாதம் ஒன்றை ஒதுக்கக் கூடாது. குற்றத்தை நீக்கிவிட்டால் பணம் உள்ள ஆண் எளிதில் விலகிப்போவான், குற்றம் நிரூபிக்க வேண்டிய நிலைதான் ஏழை மனைவிக்கு இருக்கும் ஒரே பேரம்பேசும் பலம் என்று பெண்களுக்காக வாதாடும் சட்டத்தரணிகள் சிலர் சொல்கிறார்கள். அது பொய்யல்ல. கணவன் அவசரப்படும் வழக்கில், எதிர்ப்பேன் என்ற ஒரு சொல்லால் அவளுக்கு ஒரு வீடு கிடைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பலம் வழக்காடத் தாங்கக்கூடியவளுக்கே உண்டு. தாங்காதவளுக்கு அது எதிராகத் திரும்புகிறது. ஆகவே குற்றத்தை மட்டும் நீக்கித் தாபரிப்பை இப்போதுள்ளபடியே விட்டுவிடும் எந்தச் சீர்திருத்தத்தையும் நான் ஆதரிக்க மாட்டேன். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் துணைவர் என்ற வரையறைக்குள் விவாகரத்துப் பெற்று மறுமணம் செய்யாதவரைச் சேர்ப்பதும், 615ஆம் பிரிவில் 'அதன் பின்னர் எப்போதாவது' என்ற சொற்களைச் சேர்ப்பதும், சம்மதப் பிரிவுக் காப்புவாசகத்தை நீக்குவதும் 19ஆம் பிரிவின் திருத்தத்துக்கு முன்பே, குறைந்தது அதோடு ஒரே நாளில், நடக்க வேண்டும்.

சட்டம் திருந்தும் வரை புதுக்கடைக்குப் போகும் பெண் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எதிராளியாக இருந்தால் எவ்வளவு இணக்கம் ஏற்பட்டிருந்தாலும் மறுமொழி தாக்கல் செய்து, அதில் 615ஆம் பிரிவின்கீழ் நிரந்தரத் தாபரிப்பைக் கோர வேண்டும். வழக்காளியாக இருந்தால் வழக்குரையிலேயே அதைக் கேட்க வேண்டும். பேரம் பேசி முடிவான தொகை எதுவானாலும், அது வெளியே எழுதிய கடிதத்தில் நிற்காமல் தீர்ப்பாணையின் பகுதியாக, மாதக் கணக்கில், குறைந்த தொகையாக இருந்தாலும் பதிவாக வேண்டும். ஒரு முறை பதிவான கட்டளையை, வாடகையும் மருந்து விலையும் ஏறும்போது கூட்டித் தரும்படி அதே நீதிமன்றத்தில் மீண்டும் கேட்கலாம்.